டெல்லிக்குப் புறப்படுகிறவர்கள் கேட்கிறார்கள்

டெல்லியைச் சுற்றிப் பார்ப்பது பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். நெல்லை, தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை "எவ்வளவு செலவாகும்?" என்றுதான் தொடங்குகின்றன. நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு முன்னால், எதைப் பார்க்க ஆசைப்படுகிறோம் என்று வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள். மத்திய அரசு வேலையில் இருந்த காலமெல்லாம் நான் டெல்லி ராமகிருஷ்ணபுரம் குடியிருப்பில் வாழ்ந்தவள். பாளையங்கோட்டையிலிருந்தும் அம்பையிலிருந்தும் வருகிற சொந்தபந்தம் எங்கள் வீட்டில்தான் தங்கும். அவர்களில் மனநிறைவோடு ஊர் திரும்பியவர்கள் யாரென்று எனக்குத் தெரியும். ஒரு நாளைக்கு ஒரு பகுதி என்று வைத்துக்கொண்டு, பிடித்த இடத்தில் நேரம் போவது தெரியாமல் நின்றவர்கள் அவர்கள். கையில் இருந்த பணம் ஆளுக்கு ஆள் வேறுபட்டது. பட்டியல் போட்டு ஓடியவர்களுக்குக் கால்வலிதான் மிஞ்சியது.

இனி கேள்விகள்.

நாங்கள் பீடி சுற்றும் பெண்கள், ஆறு பேர். மகளிர் குழுவில் சேமித்து ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய் வைத்திருக்கிறோம். ஒருவருக்கும் இந்தி தெரியாது. "இந்தப் பணத்தில் டெல்லியா? பேசாமல் திருச்செந்தூர் போய் வாருங்கள்" என்று வீட்டில் சொல்கிறார்கள். எங்களால் முடியுமா அக்கா?
– ஒரு வாசகி, முக்கூடல்

முடியும் தங்கச்சி. நன்றாகவே முடியும். திருச்செந்தூர் முருகன் எங்கும் போய்விட மாட்டான், திரும்பி வந்து அவனைப் பார்க்கலாம்.

கணக்கைச் சொல்கிறேன், வீட்டில் காட்டுங்கள். கன்னியாகுமரியிலிருந்து டெல்லி நிஜாமுதீன் நிலையம் வரை போகும் திருக்குறள் எக்ஸ்பிரஸ், நெல்லை வழியாக வாரத்தில் இரண்டு நாள் செல்கிறது. படுக்கை வசதி உள்ள சாதாரணப் பெட்டியில் கட்டணம் ஆயிரம் ரூபாயை ஒட்டி வரும். போக வர இரண்டாயிரம் என்று வையுங்கள். பயண நாளுக்கு 60 நாள் முன்னதாக முன்பதிவு திறக்கிறது. அன்று காலையிலேயே நெல்லை சந்திப்பு முன்பதிவு மையத்தில் நின்றுவிடுங்கள். ஒரு படிவத்தில் ஆறு பேர் வரை எழுதலாம். நீங்களும் ஆறு பேர். ஒரே டிக்கெட்டில் பதிவு செய்தால் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்துப் படுக்கைகளாக அமையும்.

தங்குவதற்கு மூன்று பேர் படுக்கும் அறைகள் இரண்டு எடுங்கள். கரோல்பாக் பகுதியில் சிறிய விடுதிகள் நிறைய. ஆளுக்கு ஓர் இரவுக்கு அறுநூறு ரூபாய் ஒதுக்கினால் நான்கு இரவுக்கு இரண்டாயிரத்து நானூறு. மெட்ரோ நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் விடுதி இருக்க வேண்டும்; அதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். தூரத்தில் நூறு ரூபாய் குறைவாக அறை கிடைக்கும், அந்த நூறு ரூபாயை ஆட்டோவுக்குக் கொடுப்பீர்கள். சாப்பாட்டுக்கு, ரயில் நாள்களையும் சேர்த்து, இரண்டாயிரம். மெட்ரோ, ஆட்டோவுக்கு அறுநூறு. நுழைவுச் சீட்டுகளுக்கு இருநூறு. மொத்தம் ஏழாயிரத்து இருநூறு. மிச்சம் இருப்பதில் ஆயிரத்தைத் தொடாமல் முந்தானையில் முடிந்துவையுங்கள். மற்றதில் சரோஜினி நகர் சந்தையில் பிள்ளைகளுக்குத் துணி எடுக்கலாம். திங்கட்கிழமை அந்தச் சந்தை விடுமுறை.

ரயிலுக்குப் புளியோதரையும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் முதல் நாளுக்குப் போதும். இரண்டாம் நாளுக்கு முறுக்கு, அவல், பழம் வைத்துக்கொள்ளுங்கள்.

மொழியை நினைத்துப் பயப்பட வேண்டாம். டெல்லி மெட்ரோ 2002-ல் ஓடத் தொடங்கியது. ஒவ்வொரு பாதைக்கும் ஒரு நிறம். மஞ்சள், நீலம், ஊதா என்று நிறத்தைப் பார்த்தே வண்டி மாறலாம். வண்டி போகும் திசையில் முதல் பெட்டி பெண்களுக்கு உரியது, அதில் ஏறுங்கள். பயண அட்டை வாங்கினால் வரிசையில் நிற்க வேண்டாம், கட்டணத்திலும் பத்து சதவீதம் குறையும்.

இனி ஆசை. இந்தியா கேட், அதன் அருகே 2019-ல் திறந்த தேசியப் போர் நினைவகம், ராஜ்காட், லோதி தோட்டம் எதற்கும் கட்டணம் இல்லை. போர் நினைவகத்தில் கருங்கல் சுவர்களில் வீரர்களின் பெயர்கள் வரிசை வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. நம் பக்கத்து ஊர்களிலிருந்து எத்தனை பிள்ளைகள் பட்டாளத்துக்குப் போனார்கள் என்று உங்களுக்கே தெரியும். பரம்வீர் சக்ரா பெற்றவர்களின் மார்பளவுச் சிலைகளும் அங்கே உண்டு. 1987-ல் இலங்கையில் உயிர்நீத்த தமிழர் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் அவர்களில் ஒருவர். அவர் சிலைக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள்.

மறுநாள் காந்தி ஸ்மிருதி. 1948 ஜனவரி 30 அன்று காந்தியடிகள் சுடப்பட்ட வீடு அது. அறையிலிருந்து பிரார்த்தனைத் திடல் வரை அவர் கடைசியாக நடந்த அடிகளைக் கல்லில் பதித்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பாதையை ஒட்டி மெல்ல நடந்தால் போதும், யாரும் விளக்கிச் சொல்லவே வேண்டாம். திங்கட்கிழமை திறக்காது.

பங்களா சாகிப் குருத்வாராவுக்கு மதிய நேரத்தில் போங்கள். தலையில் துணி போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, கால் அலம்பி உள்ளே செல்ல வேண்டும். லங்கர் எனும் அன்னதானத்தில் யாரும் வரிசையில் உட்கார்ந்து சாப்பிடலாம். சாதி, மதம், ஊர் எதையும் கேட்க மாட்டார்கள். சமையற்கூடத்தில் சப்பாத்தி உருட்டவும் பாத்திரம் துலக்கவும் வந்தவர்களே கைகொடுப்பது வழக்கம். உங்கள் விரல்களின் வேகத்துக்கு அங்கே நல்ல வேலை இருக்கிறது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து உருட்டிவிட்டு வாருங்கள். அந்த வேலைக்கு மொழி வேண்டாம்.

பாதுகாப்பு பற்றி ஒன்று. ரயில் நிலையத்தில் யாராவது தாமாக வந்து "உங்கள் விடுதி மூடிவிட்டது, வேறு இடம் காட்டுகிறேன்" என்றாலும், "இந்த டிக்கெட் செல்லாது" என்றாலும் காதில் வாங்காமல் நடையைக் கட்டுங்கள். முன்பணம் கட்டி ஆட்டோ எடுக்கும் கூண்டு நிலைய வாசலிலேயே இருக்கும். அவசரம் என்றால் 112, ரயிலில் என்றால் 139. விடுதியின் முகவரியை இந்தியில் ஒரு தாளில் எழுதி வாங்கி, ஆறு பேரும் ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன். கையில் ஓரளவு பணம் இருக்கிறது. மனைவிக்கு மூட்டுவலி. வாழ்நாளெல்லாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததைக் கண்ணால் பார்க்க வேண்டும். எங்கே தொடங்குவது?
– ஒரு வாசகர், கல்லிடைக்குறிச்சி

ஐயா, செங்கோட்டையில் தொடங்காதீர்கள். எல்லோரும் அங்கேதான் தொடங்கி, வெயிலில் நடந்து, முதல் நாளே களைத்துப்போகிறார்கள். ஜன்பத்தில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் தொடங்குங்கள். ஒரு முழு நாளை அதற்கே கொடுங்கள். கட்டணம் சொற்பம். அம்மா களைத்தால் உட்கார்ந்துகொள்ளலாம். திங்கள் விடுமுறை.

வாசலுக்கு அருகே கிர்நார் பாறையில் உள்ள அசோகர் கல்வெட்டின் மாதிரியை நிறுத்தியிருக்கிறார்கள். சோழரையும் பாண்டியரையும் தம் எல்லைக்கு அப்பால் உள்ளவர்கள் என்று அசோகர் குறிப்பிடும் கல்வெட்டு அதுதான். நீங்கள் எத்தனை மாணவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருப்பீர்கள்! உள்ளே சிந்துவெளிக் கூடத்தில் மொகஞ்சதாரோவின் நடனமங்கை நிற்கிறாள். பத்தரை சென்டிமீட்டர் உயரம்தான். பாடநூலில் அரைப் பக்கத்துக்குப் படம் போடுவதால் பெரிய சிலை என்று பலரும் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். அவள் இடுப்பில் கைவைத்து நிற்கும் அந்தத் துணிச்சலைக் கிட்டே போய்ப் பாருங்கள். நம் ஆதிச்சநல்லூரில் 1899 முதல் அலெக்சாண்டர் ரீ தோண்டி எடுத்த வெண்கலப் பொருள்களைச் சென்னை எழும்பூரில் பார்த்திருப்பீர்கள். அந்த நினைவோடு இந்தக் கூடத்தில் நடந்தால் மனத்தில் எழும் கேள்விகளுக்கு முடிவே இராது.

அடுத்துச் சோழர் காலச் செப்புத் திருமேனிகள். இந்த இடத்தில் கல்லிடைக்குறிச்சிக்காரரான உங்களிடம் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1982-ல் உங்கள் ஊர் குலசேகரமுடையார் கோயிலில் திருடுபோன நடராசர், ஆஸ்திரேலியாவின் அருங்காட்சியகம் ஒன்றில் இருந்து 2019-ல் மீட்கப்பட்டபோது டெல்லியில்தான் வந்து இறங்கினார். அங்கிருந்து ரயிலில் தமிழ்நாட்டுக்கு வந்தார். அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் இருக்கும் ஒவ்வொரு திருமேனியையும் பார்க்கும்போது, இது எந்த ஊர்க் கோயிலில் தீபாராதனை கண்டதோ என்று எனக்குத் தோன்றும். அருங்காட்சியகங்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சிலைக்குப் பக்கத்தில் அதன் ஊர்ப் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாம் நாள் ஹுமாயூன் கல்லறை. கணவர் நினைவாகப் பேகா பேகம் எழுப்பிய கட்டடம். 1570-களின் தொடக்கத்தில் முடிந்தது. தாஜ்மகாலுக்கு முன்னோடி. மேல்தளத்துக்கான படிகள் செங்குத்தானவை. அம்மா தோட்டத்தில் உட்கார்ந்தபடி பார்த்தாலே கட்டடத்தின் அழகு முழுமையாகத் தெரியும், நீங்கள் மட்டும் ஏறி வாருங்கள். 1857 எழுச்சி தோற்றபின் கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜாபர் இங்கேதான் அடைக்கலம் புகுந்தார், இங்கேதான் பிடிபட்டார். கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டது 1799-ல். பாளையக்காரர் போர்களைக் கற்பித்த ஒருவர் அந்த வாசலில் நிற்கும்போது அந்த இடைப்பட்ட காலம் முழுவதும் மனத்தில் ஓடும்.

மூன்றாம் நாள் குதுப் மினார். தரை சமமாக இருப்பதால் மூட்டுவலிக்காரர்களுக்கு ஏற்றது. 1981-ல் உள்ளே நெரிசலில் பலர் இறந்த பிறகு கோபுரத்தில் ஏற யாருக்கும் அனுமதி இல்லை. ஆகவே அம்மா எதையும் இழக்கப் போவதில்லை. அங்கே உள்ள இரும்புத் தூண் ஆறு டன்னுக்கு மேல் எடையுள்ளது, ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளாக மழையிலும் வெயிலிலும் நிற்கிறது. இரும்பில் பாஸ்பரஸ் அதிகம் இருப்பதால் மேலே ஒரு காப்புப் படலம் உருவாகி, துரு அரிக்காமல் காக்கிறது என்று உலோகவியலார் விளக்குகிறார்கள். தூணைச் சுற்றியுள்ள மண்டபத் தூண்களையும் உற்றுப் பாருங்கள். இடிக்கப்பட்ட இந்து, சமணக் கோயில்களின் கற்கள் அவை. மணியும் சங்கிலியும் இன்னும் தெளிவாகத் தெரிகின்றன.

செங்கோட்டை பார்க்க வேண்டும் என்றால் நான்காம் நாள் காலையில் போங்கள். 2019-ல் திறந்த நேதாஜி அருங்காட்சியகம் உள்ளே இருக்கிறது. மலேயாத் தோட்டங்களிலிருந்து நேதாஜியின் படையில் சேர்ந்த தமிழர்களின் கதை தெரிந்தவர் நீங்கள். அந்தப் படையின் அதிகாரிகள்மீது வழக்கு நடந்த கோட்டையே இதுதான். இதுவும் திங்கள் விடுமுறை.

மூத்த குடிமக்களுக்கான ரயில் கட்டணச் சலுகை 2020 முதல் நிறுத்தப்பட்டது. ஆனால் 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதைக் கடந்த பெண்களுக்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது, முன்பதிவின்போது கேட்டு வாங்குங்கள்.

நான் ஏத்தன் வாழை போடுகிற விவசாயி. கோட்டை, கல்லறை எல்லாம் எனக்கு வேண்டாம். டெல்லியில் விவசாயி பார்க்க என்ன இருக்கிறது?
– ஒரு வாசகர், களக்காடு

அண்ணாச்சி, வந்த கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது உங்களுடையது. இரண்டு இடம் சொல்கிறேன்.

முதலாவது ஆசாத்பூர் மண்டி. ஆசியாவிலேயே மிகப் பெரிய காய்கனி மொத்தச் சந்தைகளில் ஒன்று. விடிவதற்கு முன்பே அங்கே இருக்க வேண்டும். காஷ்மீர், இமாச்சலத்து ஆப்பிள், நாசிக் வெங்காயம், நாக்பூர் ஆரஞ்சு என்று லாரிகள் வந்து நிற்கும். வாழைத்தார் பெரும்பாலும் மராட்டியத்தின் ஜல்காவ் பக்கத்திலிருந்து வருகிறது. நம் களக்காட்டுத் தார் மலையைத் தாண்டிக் கேரளத்துக்குப் போகிறது, அதன் விலையை அங்கே ஓணமும் சிப்ஸ் கடையும் தீர்மானிக்கின்றன. வடக்கே விற்பது வேறு ரகம். பச்சையாக வந்து, பழுக்கவைக்கும் அறையில் ஏறி, பிறகு கடைக்குப் போகிறது. தரகு எப்படி ஓடுகிறது, தார் எப்படி எடைபோடப்படுகிறது, கழிவு எவ்வளவு பிடிக்கிறார்கள் என்பதை நின்று கவனியுங்கள். மொழி தெரியாவிட்டாலும் தராசின் மொழி உங்களுக்குப் புரியும். செருப்புப் போட்டுக்கொண்டு போகாதீர்கள், ஷூ போடுங்கள். சேறு கணுக்கால் வரை இருக்கும். மெட்ரோவில் ஆசாத்பூர் என்றே நிலையம் உண்டு, ஆனால் அந்த நேரத்துக்கு மெட்ரோ ஓடாது. போகும்போது ஆட்டோ, திரும்பும்போது மெட்ரோ.

இரண்டாவது பூசா. இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தை டெல்லியில் எல்லோரும் அப்படித்தான் அழைக்கிறார்கள். பீகாரில் பூசா என்ற ஊரில் 1905-ல் தொடங்கிய நிறுவனம் அது. 1934 நிலநடுக்கத்தில் கட்டடம் சிதைந்ததால் 1936-ல் டெல்லிக்கு மாறியது. பெயரும் கூடவே வந்துவிட்டது. எம்.எஸ். சுவாமிநாதன் 1966 முதல் 1972 வரை இயக்குநராக இருந்தது இங்கேதான். குட்டைரகக் கோதுமையை வட இந்திய வயல்களுக்குக் கொண்டுசேர்த்த பணியின் மையம் இந்த வளாகம். ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச் வாக்கில் இங்கே வேளாண் கண்காட்சி நடக்கும். பயணத்தை அதை ஒட்டி வையுங்கள். விதை வாங்கலாம், கருவிகளைக் கையால் தொட்டுப் பார்க்கலாம், பஞ்சாப் விவசாயியோடு பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் குடிக்கலாம். களக்காட்டிலிருந்து நாலைந்து பேர் சேர்ந்து போனால் அறைச் செலவும் குறையும். மூன்று நாள் போதும்.

ஜந்தர் மந்தர் சாலைக்கும் ஒருமுறை போய் வாருங்கள். 2017-ல் தமிழ்நாட்டு விவசாயிகள் வறட்சி நிவாரணம் கேட்டு வெயிலில் வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்த தெரு அது. தலைநகரைப் பார்க்க வரும் ஒரு விவசாயி அந்தத் தெருவைப் பார்க்காமல் போகக் கூடாது.

எட்டு வயதிலும் பதினோரு வயதிலும் இரண்டு பிள்ளைகள். நடுத்தர வருமானம். ஐந்து நாள் போகிறோம். கோட்டைகளைக் காட்டினால் "போகலாம் அம்மா" என்று கையைப் பிடித்து இழுப்பார்கள். என்ன செய்வது?
– ஒரு வாசகி, தென்காசி

தங்கையே, ஐந்து நாளில் ஒரு கோட்டை மட்டும் போதும்.

சாணக்கியபுரியில் தேசிய ரயில் அருங்காட்சியகத்துக்கு முதல் நாளே போங்கள். பழைய நீராவி இன்ஜின்கள் திறந்தவெளியில் வரிசையாக நிற்கும், சிறுவர்களுக்கான குட்டி ரயிலும் உண்டு. ஒரே தண்டவாளத்தில் ஓட, பக்கத்தில் ஒரு பெரிய சக்கரம் தரையில் உருள, 1907-ல் பாட்டியாலாவில் ஓடத் தொடங்கிய வண்டி அங்கே இருக்கிறது. பிள்ளைகள் அதைவிட்டு நகர மாட்டார்கள். தென்காசிப் பிள்ளைகள் நம் ஊர்ச் செங்கோட்டை ரயில் தடத்தின் குகையையும் பதின்மூன்று கண் பாலத்தையும் பார்த்திருப்பார்கள். அந்தப் பேச்சை எடுத்துவிட்டு உள்ளே கூட்டிப்போங்கள்.

ஜந்தர் மந்தர் வானாய்வகத்தில், 1724 வாக்கில் ஜெய்ப்பூர் மன்னர் இரண்டாம் ஜெய்சிங் கட்டிய மிகப் பெரிய சூரியக் கடிகாரம் இருக்கிறது. மூத்த பிள்ளையிடம் நிழலைப் பார்த்து மணி சொல்லச் சொல்லுங்கள். காலை பத்து மணிக்குப் போனால் நிழல் தெளிவாக விழும். கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1965-ல் நிறுவிய பொம்மை அருங்காட்சியகம் இளைய பிள்ளைக்கு. பல நாட்டுப் பொம்மைகள் அந்தந்த நாட்டு உடையில் நிற்கும். மிருகக்காட்சிச்சாலை பழைய கோட்டைக்கு ஒட்டியே இருக்கிறது. காலையில் மிருகங்கள், மாலையில் கோட்டை என்று ஒரே இடத்தில் முடிக்கலாம். அந்தக் கோட்டையில் நூலகப் படியில் விழுந்துதான் ஹுமாயூன் இறந்தார் என்று சொல்லுங்கள்; கோட்டையைவிட அந்தப் படிதான் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

கிழமையை மறக்காதீர்கள். மிருகக்காட்சிச்சாலைக்கு வெள்ளி விடுமுறை. ரயில், பொம்மை அருங்காட்சியகங்கள், தாமரைக் கோயில், அக்ஷர்தாம் எல்லாம் திங்கள் மூடியிருக்கும். அந்தத் திங்களைக் குதுப் மினாருக்கு வைத்துக்கொள்ளுங்கள். தொல்லியல் துறை இடங்களில் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை, பெரியவர்களுக்கு நாற்பது ரூபாய் அளவில். பிற்பகல் இரண்டு முதல் நான்கு வரை அறையில் தூங்கவிடுங்கள். அந்த இரண்டு மணி நேரத்தை மிச்சம் பிடிக்க நினைத்தால் மாலை முழுவதும் அழுகைதான்.

நேர்காணலுக்காக டெல்லி போகிறேன். வியாழன் மதியத்தோடு வேலை முடிந்துவிடும். வெள்ளி இரவு ரயில். கையில் இரண்டாயிரம் ரூபாய். பழைய டெல்லியும் நல்ல சாப்பாடும் வேண்டும்.
– ஒரு வாசகர், மேலப்பாளையம்

கிழமை உங்களுக்கு அருமையாக அமைந்திருக்கிறது தம்பி. வியாழன் மாலை நேராக நிஜாமுதீன் தர்காவுக்குப் போங்கள். மக்ரிப் எனும் அந்தித் தொழுகைக்குப் பிறகு முற்றத்தில் கவ்வாலிப் பாட்டு நடக்கும். ஹஜ்ரத் நிஜாமுதீன் அவுலியாவும் அவர் சீடர் அமீர் குஸ்ரோவும் 1325-ல் சில மாத இடைவெளியில் மறைந்தார்கள். இருவரும் ஒரே வளாகத்தில் அடங்கியிருக்கிறார்கள். பொட்டல்புதூர் தர்காவில் எல்லா மதத்தாரும் வந்து நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர் நீங்கள், இங்கேயும் அதே கூட்டத்தைப் பார்ப்பீர்கள். வழியில் கவிஞர் காலிபின் கல்லறை இருக்கிறது. நெரிசலில் கைப்பேசியும் பர்ஸும் முன் பையில் இருக்கட்டும்.

வெள்ளி காலை பையை ரயில் நிலையத்தின் பொருள் காப்பறையில் போட்டுவிட்டுச் சாந்தினி சவுக் போங்கள். பை பூட்டியிருந்தால்தான் வாங்குவார்கள். ஷாஜகானின் மகள் ஜகனாரா வடிவமைத்த கடைத்தெரு அது. பகலில் மோட்டார் வண்டிகள் இல்லாததால் நிம்மதியாக நடக்கலாம். செங்கோட்டைக்கு எதிரே சமணக் கோயிலும் அதோடு இணைந்த பறவை மருத்துவமனையும், சற்றுத் தள்ளிச் சீஸ் கஞ்ச் குருத்வாராவும் இருக்கின்றன. ஒன்பதாவது குரு தேக் பகதூர் 1675-ல் உயிர்கொடுத்த இடம் அந்தக் குருத்வாரா. தெருவின் மேற்குக் கோடியில் காரி பாவ்லி மசாலாச் சந்தை. மிளகாய் மூட்டைகளின் நெடியில் தும்மாமல் யாரும் வெளியே வந்ததில்லை. வீட்டுக்கு ஏலக்காயும் பாதாமும் அங்கே வாங்குங்கள், விலை கட்டுபடியாகும்.

ஜும்மாத் தொழுகையை ஜாமா மசூதியில் முடித்துக்கொள்ளுங்கள். ஷாஜகான் 1656-ல் கட்டி முடித்த பள்ளிவாசலின் முற்றத்தில் ஆயிரக்கணக்கானோரோடு தோள் சேர்ந்து நிற்பது ஒரு தனி அனுபவம் என்று எங்கள் அலுவலகத் தோழர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பிறகு எதிர்ச் சந்தில் 1913 முதல் நடக்கும் கரீம்ஸ் உணவகம். கூட்டம் இருக்கும், காத்திருங்கள். இறைச்சி விலையைச் சேர்த்தாலும் உங்கள் இரண்டாயிரத்தில் மீதி இருக்கும். நேர்காணலில் வெற்றி பெற வாழ்த்துகள்.

வளைகுடாவில் வேலை பார்க்கிறேன். பெற்றோரின் நாற்பதாவது திருமண நாளுக்கு டெல்லி அனுப்புகிறேன். செலவு பொருட்டில்லை. எதில் செலவழிக்க வேண்டும்?
– ஒரு வாசகர், திசையன்விளை

நல்ல பிள்ளை நீங்கள். திருவனந்தபுரத்திலிருந்து நேரடி விமானத்தில் அனுப்புங்கள். பகல் முழுவதும் ஒரே காரும் ஓட்டுநரும், சுற்றுலாத் துறை உரிமம் பெற்ற தமிழ் தெரிந்த வழிகாட்டியும் ஏற்பாடு செய்யுங்கள். பணம் போய்ச் சேர வேண்டிய இடம் அந்த வழிகாட்டி. அறையைப் பொறுத்தவரை, எல்லா இரவும் ஆடம்பர ஓட்டல் தேவையில்லை. வசதியான சாதாரண விடுதியில் தங்கவைத்து, திருமண நாளின் இரவை மட்டும் ஜன்பத்தில் 1930-களிலிருந்து இருக்கும் இம்பீரியல் போன்ற ஓர் ஓட்டலில் வையுங்கள். ஆக்ராவுக்கு நிஜாமுதீனிலிருந்து கதிமான் எக்ஸ்பிரஸ் உண்டு, 100 நிமிடப் பயணம். வெள்ளிக்கிழமை தாஜ்மகாலும் மூடியிருக்கும், அந்த வண்டியும் ஓடாது. பிப்ரவரி, மார்ச்சில் போனால் குடியரசுத் தலைவர் மாளிகையின் அம்ரித் உத்யான் தோட்டம் திறந்திருக்கும். இணையத்தில் முன்பதிவு செய்தால் போதும், கட்டணமே இல்லை. காஷ்மீர்ச் சால்வை வாங்குவதானால் அரசு விற்பனை நிலையத்தில் வாங்கச் சொல்லுங்கள். ஓட்டுநர் தானாகக் கூட்டிப்போகும் கடையில் எதையும் வாங்க வேண்டாம்.

சோறு இல்லாமல் எனக்கு ஒரு வேளைகூட ஓடாது. அங்கே கிடைக்குமா? கோயில் ஏதும் உண்டா?
– ஒரு வாசகர், வள்ளியூர்

இந்தியா கேட் பக்கம் ஆந்திரா பவன் உணவகத்தில் அளவில்லாச் சாப்பாடு. மதியம் ஒரு மணிக்கு முன்பே போய்விடுங்கள். கன்னாட் பிளேஸிலும் கரோல்பாகிலும் நம் பக்கத்து உணவகங்கள் உண்டு. ராமகிருஷ்ணபுரத்தில் சிறு குன்றின்மேல் உத்தர சுவாமிமலைக் கோயில் இருக்கிறது. 1973-ல் குடமுழுக்குக் கண்டது, டெல்லிக்காரர்கள் மலை மந்திர் என்பார்கள். வெளியூரில் மனம் சோர்ந்த மாலைகளில் நான் ஏறிய படிகள் அவை. அதே பகுதியில்தான் டெல்லித் தமிழ்ச் சங்கமும் இருக்கிறது. கான் மார்க்கெட் அருகே சுப்பிரமணிய பாரதி மார்க் என்ற சாலைப் பெயர்ப் பலகையையும் பார்த்துவிட்டு வாருங்கள், எட்டயபுரத்துப் பிள்ளை நெல்லையில் படித்தவர் அல்லவா!

எந்த மாதம் போகலாம்?
– இந்தக் கேள்வியைக் கேட்ட ராதாபுரம், ஆலங்குளம், சங்கரன்கோவில் வாசகர்களுக்கு

பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் இறுதி வரை. அக்டோபரும் நன்று, தீபாவளியை ஒட்டிக் காற்று மாசு ஏறுவதற்கு முன் திரும்பிவிடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் நவம்பரில் போகவே கூடாது. டிசம்பர் இறுதியிலும் ஜனவரியிலும் மூடுபனியால் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும். குளிர் நான்கைந்து டிகிரி வரை இறங்கும், குற்றாலச் சாரலுக்கு வைத்திருக்கும் சால்வை அதற்குப் போதாது. மே, ஜூனில் வெயில் 45 டிகிரியைத் தொடும். பள்ளி விடுமுறை என்பதற்காகப் பிள்ளைகளை அப்போது கூட்டிப்போக நினைப்பவர்கள், அந்தப் பணத்தைப் பத்திரமாக வைத்திருந்து காலாண்டுத் தேர்வு விடுமுறையில் போங்கள்.